தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பள்ளி: பிள்ளையின் மேல்படிப்புக்கும் வேலைக்கும் எது கைகொடுக்கும்?

"கான்வென்ட்ல போடு, இங்கிலீஷும் டிசிப்ளினும் தானா வந்துடும்" என்பது ஒரு தரப்பு. "மதம் மாத்திடுவாங்க, நாளைக்குச் சலுகை எதுவும் கிடைக்காது" என்பது மறுதரப்பு. பள்ளிச் சேர்க்கைப் பேச்சு எந்த வீட்டில் நடந்தாலும் இந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரு தரப்புமே 'கிறிஸ்தவப் பள்ளி' என்று ஒரே வகைப் பள்ளி இருப்பதாக நினைத்துப் பேசுகின்றன. ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், பாடம் எந்த மொழியில் நடக்கிறது, பொதுத்தேர்வு எந்த வாரியத்துடையது ஆகிய மூன்றும் பள்ளிக்குப் பள்ளி வேறு. கல்லூரி இடம், அரசுச் சலுகை, அரசு வேலைக்கான தகுதி எல்லாம் இந்த மூன்றைப் பிடித்தே போகின்றன. பள்ளியின் கிறிஸ்தவத் தன்மை பதிக்கிற தடம் வேறு இடத்தில் இருக்கிறது: பேச்சு, பழக்கம், நேரம், பிறரோடு நடந்துகொள்ளும் விதம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் நான்கு வகை

தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கியதிலிருந்து வருகிற மரபின் நேர் வாரிசு, அரசு உதவி பெறும் மிஷன் பள்ளிதான். ஊருக்குள் 'ஆர்.சி. ஸ்கூல்', 'டி.டி.டி.ஏ. ஸ்கூல்', 'டி.இ.எல்.சி. ஸ்கூல்' என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இவை. நிர்வாகம் கத்தோலிக்க மறைமாவட்டத்துடையதாகவோ துறவற சபையுடையதாகவோ சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலத்துடையதாகவோ லூத்தரன் திருச்சபையுடையதாகவோ இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. பாடநூல், சத்துணவு, பதினோராம் வகுப்பில் சைக்கிள் எல்லாம் அரசுப் பள்ளியில் போலவே கிடைக்கும்.

இரண்டாவது வகையை அப்பா அம்மாக்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். அதே வளாகத்தில், அதே பெயரில், அதே சீருடையில் நடக்கிற சுயநிதிப் பிரிவு அது. பெரும்பாலும் ஆங்கில வழி. ஆசிரியர் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. 'எய்டட் ஸ்கூல்தானே' என்று சேர்த்துவிட்டு, முதல் பருவத்தில் ஃபீஸ் ரசீது வரும்போதுதான் பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிகிறது. ஒன்பது ஆண்டு கழித்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு.

மூன்றாவது, மெட்ரிக் பள்ளியும் ஆங்கிலோ இந்தியன் பள்ளியும். ஒரு காலத்தில் இவற்றுக்குத் தனிப் பாடத்திட்டமும் தனித் தேர்வும் இருந்தன. 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2011-இல் எல்லா வகுப்புகளிலும் நடைமுறையான பின், பத்தாம் வகுப்பு வரை புத்தகமும் பொதுத்தேர்வும் அரசுப் பள்ளியோடு ஒன்றாகிவிட்டன. இங்கே கட்டுகிற பணம் பாடத்துக்காக என்று நினைத்தால் அது தவறு. ஆங்கில வழி, வகுப்பறைச் சூழல், மைதானம், உடன் படிக்கும் பிள்ளைகள் ஆகியவற்றுக்கான பணம் அது. நான்காவது வகை, கிறிஸ்தவ நிர்வாகத்தில் நடக்கிற சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகள். கட்டணம் பொதுவாக மற்றவற்றைவிட அதிகம், மாநிலத் திட்டங்களோடு தொடர்பு மிகக் குறைவு.

மைக் யார் கையில்?

கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர்களிடம் வேலைக்குப் போன இடத்தில் மற்றவர்கள் முதலில் கவனிப்பது, கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிற துணிவு. அதன் ஊற்று பாடவேளையில் இல்லை, காலை அசெம்பிளியில் இருக்கிறது. மணி அடித்து வரிசை நின்றதும் ஒரு மாணவி மைக் முன்னால் வருகிறாள். ஜெபம் வாசிக்கிறாள். அடுத்தவன் திருக்குறளும் பொருளும் சொல்கிறான். மூன்றாமவள் செய்தித் தலைப்புகளை ஆங்கிலத்தில் படிக்கிறாள். 'பெனிஃபிட்' என்ற சொல்லில் தடுக்கினால் பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுக்கிறார். எழுநூறு பேர் முன்னால் தடுக்கி, பிறகு முடித்துவிட்டு இறங்குகிற அந்த இரண்டு நிமிடம்தான் பயிற்சி. வகுப்புக்கு ஒரு வாரம் என்று சுழற்சி வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றுகிற பள்ளியில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது வாய்ப்பு வரும். ஆண்டு விழா நாடகம், பாடகர் குழு, பேச்சுப் போட்டியும் சேர்ந்தால் பள்ளி முடிப்பதற்குள் முப்பது தடவை மேடை ஏறியிருப்பார்கள்.

இதே ஏற்பாடு வீணாகிற விதமும் ஒன்று உண்டு. பார்க்க வருகிறவர்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று, நன்றாகப் பேசுகிற ஐந்து பிள்ளைகளையே ஆண்டு முழுவதும் நிறுத்துகிற பள்ளிகள் இருக்கின்றன. அந்த ஐவருக்கு எல்லாம் கிடைக்கும், மற்றவர்கள் பன்னிரண்டு ஆண்டு வெயிலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது கடைசி பெஞ்சில் இருக்கிற ஒரு பிள்ளையிடம் "இந்த வருஷம் நீ அசெம்பிளியில பேசுனியா?" என்று கேட்டாலே போதும். அந்தப் பதில் பள்ளி அச்சடிக்கிற கையேட்டைவிட நம்பகமானது.

ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். 'கான்வென்ட் இங்கிலீஷ்' என்ற புகழ், ஆங்கில ஆசிரியர் வகுப்பு முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசி, தினமும் பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்க வைத்து, எழுதியதைத் திருத்திக் கொடுத்த பள்ளிகளுக்கு உரியது. பலகையில் 'ஆங்கில வழி' என்று எழுதிவிட்டு, அறிவியலைத் தமிழில் விளக்கி, விடையை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்யச் சொல்கிற பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு இருந்தாலும் பேச்சு வராது. பிள்ளைக்குக் கருத்து தமிழில் புரிந்திருக்கும், எழுதத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், புரிந்திருக்காது. கல்லூரி முதலாண்டில் இந்த விரிசல் வெளியே வருகிறது. தமிழ் பேசினால் அபராதம் என்ற விதி இதைச் சரிசெய்யாது. அந்த விதிக்குப் பயந்து பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வதுதான் நடக்கிறது. நல்ல தமிழ் வழி மிஷன் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தை ஒரு பாடமாகத் திருத்தமாகக் கற்றவர்கள் இவர்களைவிட மேலே போவதற்கு இதுதான் காரணம்.

பழக்கங்களின் பலன் வேலையின் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் தெரியும். டைரி எழுதுவது, மணிக்கு முன்னால் வருவது, கொடுத்த வேலையை எழுத்தில் முடித்துக் கொடுப்பது ஆகியவை மருத்துவமனை, வங்கி, கப்பல், இராணுவம் போன்ற இடங்களில் நேராக உதவுகின்றன. அதே ஒழுங்கு அளவு மீறினால் எதிர்க்கேள்வி கேட்கத் தயங்குகிற ஆளை உருவாக்குகிறது. "சரிங்க சிஸ்டர்" என்று மட்டுமே பழகியவர், மேலாளர் தவறாகக் கணக்குப் போடும்போதும் பேசாமல் இருப்பார். மாணவர் மன்றத்துக்கு உண்மையான வாக்கெடுப்பு நடக்கிறதா, விவாத மேடை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கைநீட்டி அடிப்பது கட்டுப்பாட்டில் சேராது. உடல் தண்டனைக்கு எந்தப் பள்ளியிலும் அனுமதி கிடையாது. நடந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்களை அழைக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. சிஸ்டர்கள் நடத்துகிற பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை, தாளாளர், கணக்குப் பார்ப்பவர், கட்டட வேலைக்காரரிடம் விலை பேசுகிறவர் எல்லாருமே பெண்கள். ஒரு பெண் நிறுவனத்தை நடத்துவது இயல்பான காரியம் என்று ஆறு வயதிலிருந்தே கண்ணால் பார்த்து வளர்கிறாள். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் செவிலியர்களாகவும் ஆசிரியைகளாகவும் ஊரைவிட்டு வெளியே போய் வேலை பார்த்த முதல் தலைமுறைப் பெண்களில் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் ஏராளம். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு மாநிலத்தில் எழுத்தறிவில் முதலிடத்தில் இருந்தது கன்னியாகுமரி மாவட்டம். அதற்குத் திருவிதாங்கூர் ஆட்சியின் பங்கும் உண்டு, மிஷன் பள்ளிகளின் பங்கும் உண்டு. ஆண்களே இல்லாத சூழலில் 12 ஆண்டு படித்துவிட்டு இருபாலர் கல்லூரிக்குப் போகும்போது முதல் சில மாதங்கள் கூச்சம் இருக்கும். அது தீர்ந்துவிடும். நிர்வாகம் செய்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தது தீராது.

பெரியவர்கள் படம் மாட்டிய சுவர்

பள்ளி அலுவலகத்தில் பழைய மாணவர் படங்கள் இருக்கும். அப்துல் கலாம் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் படித்தவர். விஸ்வநாதன் ஆனந்த் எழும்பூர் டான் பாஸ்கோ, பிறகு சென்னை லயோலா கல்லூரி. பெப்சிகோ நிறுவனத் தலைவராக இருந்த இந்திரா நூயி தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. மூவரும் கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்தினர் என்பது கவனிக்க வேண்டியது. ஆனால் இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலசரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். கலாமே தொடக்கக் கல்வியை இராமேசுவரம் பஞ்சாயத்துப் பள்ளியில் முடித்துவிட்டுத்தான் மிஷன் பள்ளிக்குப் போனார்.

ஆய்வுகளும் இதே எச்சரிக்கையைத்தான் தருகின்றன. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் நன்றாகச் செய்வதைக் கண்ட சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், பள்ளியைச் சுற்றி ஒருவரையொருவர் அறிந்த குடும்பங்கள் இருப்பதே அதற்குக் காரணம் என்று 1980-களில் வாதிட்டார். ஆல்டோன்ஜி, எல்டர், டேபர் ஆகிய பொருளியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பைப் பாதியில் விடாமல் முடிப்பதில் பள்ளியின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. தேர்வு மதிப்பெண்ணில் அவ்வளவாகத் தெரியவில்லை. நம் ஊருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற பள்ளி, படிப்பை விட்டுவிடும் ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்குத்தான் அதிகம் பயன்படும். வீட்டில் புத்தகமும் படித்த அப்பா அம்மாவும் இருக்கிற பிள்ளைக்கு எந்த நல்ல பள்ளியும் ஏறத்தாழ அதே பலனைத் தரும்.

பழைய மாணவர் தொடர்பைப் பற்றியும் அளவாக எதிர்பார்க்க வேண்டும். சென்னை, திருச்சி, பாளையங்கோட்டை போன்ற இடங்களின் பெரிய பள்ளிகளில் பழைய மாணவர் சங்கம் உயிரோடு இருக்கிறது. பயிற்சி வேலை, அறிமுகம், உதவித்தொகை என்று கைகொடுக்கிறது. சிற்றூர் ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் அப்படி ஒன்று இருக்காது.

அடிக்கடி ஏமாற்றம் தருகிற நம்பிக்கை இன்னொன்று: கிறிஸ்தவப் பள்ளியில் படித்தால் லயோலாவிலோ வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியிலோ இடம் எளிது என்பது. சிறுபான்மை ஒதுக்கீடு கிறிஸ்தவ மாணவருக்கானது, கிறிஸ்தவப் பள்ளி மாணவருக்கானதன்று. சி.எம்.சி.யில் சபைகளின் பரிந்துரை வழியாக வருகிற இடங்களுக்கு அந்தந்தச் சபையில் உறுப்பினராக இருக்க வேண்டும், நீட் மதிப்பெண்ணும் வேண்டும். கிறிஸ்தவப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிலும் சபையைச் சேர்ந்தவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. பிற மதத்துப் பிள்ளைக்குப் பள்ளிப் பெயரால் இந்த வாசல்கள் திறப்பதில்லை.

முதல் வகுப்பும் ஆறாம் வகுப்பும்

ஒப்பீட்டில் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய பகுதி இதுதான். பள்ளியின் தரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சில வாசல்கள் படித்த இடத்தையும் மொழியையும் வைத்தே திறக்கின்றன.

மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இதில் சேரும். அரசு உதவி பெறும் மிஷன் பள்ளி சேராது. ஆசிரியருக்கு அரசே சம்பளம் தந்தாலும், பாடநூல் அரசுடையது என்றாலும் சேராது. மருத்துவம் ஒன்றே குறி என்றிருக்கிற, வருமானம் குறைந்த வீட்டுக்கு இது பெரிய இழப்பு. பொதுப் பட்டியலில் போட்டியிடத் தேவைப்படுகிற நீட் மதிப்பெண்ணுக்கும் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிற மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. கிறிஸ்தவ ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்கு முடிவெடுக்க வேண்டிய ஆண்டு அதுவேதான். ஏழாம் வகுப்பில் மனம் மாறினால் பயனில்லை.

கல்லூரியில் படிக்கும்போது அரசு தருகிற மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையில் நிலைமை வேறு. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோதே இரண்டு வகைப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. இரண்டிலும் 6 முதல் 12 வரை என்பது நிபந்தனை. அதே வளாகத்தின் ஆங்கில வழிச் சுயநிதிப் பிரிவில் படித்த பிள்ளை இதில் வராது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது 36,000 ரூபாய், நான்காண்டுக்கு 48,000. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது பேருந்துச் செலவும் புத்தகச் செலவும். இத்தகைய திட்டங்களின் விதிகள் மாறும் என்பதால், சேர்க்கிற ஆண்டில் நடப்பு அரசாணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்குப் பள்ளி நிர்வாகம் யார் என்பது பொருட்டே இல்லை. மிஷன் பள்ளியில் தமிழ் வழியும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியும் ஒன்றே. ஆனால் இது முதல் வகுப்பிலிருந்து, பதவிக்குரிய கல்வித் தகுதி வரை தொடர வேண்டும். குரூப் 4-க்கு பத்தாம் வகுப்பு வரை, குரூப் 1, 2-க்கு பட்டம் வரை. இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. ஐந்தாம் வகுப்பு வரை கிறிஸ்தவ நர்சரி பள்ளியில் ஆங்கில வழி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழி என்று போனால் 7.5 விழுக்காடு கிடைக்கும், 20 விழுக்காடு கிடைக்காது. முதல் வகுப்பிலிருந்து உதவி பெறும் மிஷன் பள்ளியில் தமிழ் வழி என்றால் 20 கிடைக்கும், 7.5 கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் முதல் ஐந்தாண்டை உதவி பெறும் மிஷன் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ தமிழ் வழியில் முடித்து, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலேயே தொடர்வது ஒன்றுதான் வழி. பள்ளி மாறும்போதே தலைமை ஆசிரியரிடம் தமிழ் வழிச் சான்று வாங்கி வைத்துவிடுவது நல்லது. பதினைந்து ஆண்டு கழித்து அந்த ஆரம்பப் பள்ளி மூடப்பட்டிருந்தால் அலைச்சல் பெரிது.

ஆங்கில வழியில் சேர்ப்பவர்களும் தமிழை விட்டுவிட முடியாது. குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதி 150 மதிப்பெண், அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதி விடைகள் திருத்தப்படாது. ஐ.சி.எஸ்.இ., சி.பி.எஸ்.இ. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சையோ சமஸ்கிருதத்தையோ இரண்டாம் மொழியாக எடுத்து வளர்ந்த பிள்ளை, 23 வயதில் மாநில அரசுத் தேர்வுக்கு உட்காரும்போது இலக்கணத்தை அடியிலிருந்து கற்க வேண்டி வருகிறது.

தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இலவச இடம் கிடைக்கும் என்று நம்பிக் கிறிஸ்தவப் பள்ளிக்கு விண்ணப்பிப்பதும் வீண். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்த இடம் வேண்டுமென்றால் சிறுபான்மை அல்லாத மெட்ரிக் பள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

மதம், சாதிச் சான்று

அரசமைப்புச் சட்டம் 28(3) தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறுகிற பள்ளியில், பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் இல்லாமல் சிறுவர் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி வற்புறுத்த முடியாது. நடைமுறையில் பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும், மற்றவர்கள் அதே நேரத்தில் நன்னெறி வகுப்புக்கும் போவார்கள். சில சி.எஸ்.ஐ. பள்ளிகளில் வேதபாடம் எல்லாருக்கும் பொதுவாக நடக்கும். சேர்க்கும்போதே கேட்டு, வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடு ஆண்டில் சண்டை போடுவதைவிட அது எல்லாருக்கும் மரியாதை.

கிறிஸ்தவப் பள்ளியில் படிப்பதால் யாருடைய சாதிச் சான்றும் மாறாது. மாறுவது மதம் மாறினால்தான். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவராக மாறினால் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஞானஸ்நானம் பெற்றுவிட்டுப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே சேர்க்கைப் படிவத்தில் மதம், சாதி என்ற கட்டங்களை நிரப்புவதை அலுவலக எழுத்தரிடம் விட்டுவிடக் கூடாது. ஊர்ப் பெயரையும் பிள்ளையின் பெயரையும் பார்த்து, 'இவர்கள் கிறிஸ்தவர்கள்தான்' என்று ஊகித்து எழுதப்பட்ட ஒரு சொல், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவிலும் மாற்றுச் சான்றிதழான டி.சி.யிலும் ஏறி, கல்லூரிக் கலந்தாய்வில் வந்து நிற்கும். படிவத்தைச் சாதிச் சான்றோடு ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் ஒரு சொல். விசுவாசத்தில் வளர்ப்பதற்காகவே பணம் கட்டி கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரத்தில் ஓரிரு பாடவேளை மறைக்கல்வி செய்வதை, ஞாயிறு பள்ளியும் வீட்டு ஜெபமும் நன்றாகவே செய்யும். அதற்காக மட்டும் அரசுப் பள்ளியைத் தவிர்க்கிறவர்கள் மேலே சொன்ன வாசல்களையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பணம்

எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை 14 ஆண்டு. முதலாண்டுக் கட்டணம் 40,000 ரூபாய், ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏற்றம் என்று கொண்டால் மொத்தம் சுமார் 9.7 லட்சம் ஆகிறது. சேர்க்கும் நாளில் யாரும் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை. முதலாண்டுக் கட்டணம் கட்ட முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்பில் கட்ட முடியாமல் போய், பிள்ளையை நடுவில் மாற்றுவதுதான் மிகப் பெரிய சேதம். நண்பர்களும் போய், பாட மொழியும் மாறி, சலுகைக்கான ஆண்டுகளும் கடந்திருக்கும். தனியார் பள்ளிக் கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை நிர்ணயித்திருக்கும். அந்த ஆணையைக் கேட்டு, ரசீதோடு ஒப்பிடலாம். ரசீது இல்லாமல் 'வளர்ச்சி நிதி' கேட்கிற இடத்தில் பின்னாலும் அதுவே தொடரும்.

எந்த வீட்டுக்கு எது

தினக்கூலி அல்லது சிறு வருமானம், பிள்ளை மருத்துவம், பொறியியல் என்று கனவு காண்கிறது, பக்கத்தில் ஓரளவு நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது என்றால், ஐந்தாம் வகுப்பு வரை உதவி பெறும் மிஷன் பள்ளியில் தமிழ் வழி, ஆறிலிருந்து அரசுப் பள்ளி. இதுதான் எங்கள் தீர்க்கமான பரிந்துரை. அரசுப் பள்ளியில் இயற்பியல், கணித ஆசிரியர் பணியிடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தால் மட்டும் கணக்கு மாறும்.

வீட்டில் குடிப்பழக்கம், சச்சரவு, படிக்க இடமில்லாத நிலை, பிள்ளை படிப்பை விட்டுவிடும் பயம் இருந்தால் எல்லாச் சலுகையையும் தூர வைத்துவிட்டு, விடுதியோடு கூடிய உதவி பெறும் மிஷன் பள்ளியைத் தேட வேண்டும். மாலைப் படிப்பு நேரம், வேளைக்கு உணவு, கண்காணிக்க ஆள் என்ற மூன்றும் இந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றுபவை. கிறிஸ்தவப் பள்ளிகள் தங்கள் ஆதி நோக்கத்துக்கு உண்மையாக இருப்பதும் இங்கேதான்.

நடுத்தர வருமானம், தனியார் துறை வேலை அல்லது வெளிமாநிலப் படிப்பு குறி என்றால் கிறிஸ்தவ மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன் பள்ளிகளும் பிற தனியார் பள்ளிகளும் நேர்ப் போட்டி. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒன்பதிலேயே தொடங்கி, விளையாட்டு நேரத்தைத் தேர்வுக்குத் திருப்புகிற மதிப்பெண் தொழிற்சாலைகளைவிட, மைதானமும் பாடகர் குழுவும் விடாமல் வைத்திருக்கிற பழைய கிறிஸ்தவப் பள்ளி நீண்ட ஓட்டத்தில் நல்லது. ஆனால் நீட், ஜே.இ.இ. பயிற்சிக்கு வெளியே தனியாகச் செலவு செய்ய வேண்டி வரும். மத்திய அரசு வேலையில் ஊர் ஊராக மாறுகிற குடும்பத்துக்கு சி.பி.எஸ்.இ. பொருந்தும், அதில் கிறிஸ்தவ நிர்வாகமா இல்லையா என்பது இரண்டாம் பட்சம்.

கையெழுத்துப் போடும் முன்

பள்ளியின் பழம்பெருமை நாளைய நிலைக்கு உத்தரவாதமாகாது. துறவற சபைகளில் தலைமை ஆசிரியராக இருக்கிற ஃபாதரோ சிஸ்டரோ சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். நல்ல பள்ளி ஒரே ஆளை நம்பி இருந்ததா என்பது அப்போது தெரியும். திருமண்டலப் பள்ளிகளில் நிர்வாகத் தேர்தல், வழக்கு என்று இழுபறி வந்தால் ஆசிரியர் நியமனம் நின்றுபோகும். உதவி பெறும் பள்ளியில் பணியிடம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயமாகிறது. எண்ணிக்கை சரிந்தால் இடமும் போகும். காலியிடத்தில் நிர்வாகமே குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கிற ஆசிரியர் ஆண்டு நடுவில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார்.

ஆகவே தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை: என் பிள்ளையின் பெயர் உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா ஏறும்? 11, 12 வகுப்புக்குக் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் எடுப்பவர்கள் நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவர்களா? மூன்றாண்டுக்கு முன் பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே பிளஸ் டூ முடித்தார்கள்? தேர்ச்சி விழுக்காட்டுக்காகப் பலவீனமான பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்புகிற வழக்கம் இருந்தால், இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வரும். மழுப்பினால் அடுத்த பள்ளியைப் பார்க்கலாம்.

பதில்கள் திருப்தியாக இருந்தால் சேர்க்கைச் சீட்டில் பிரிவும் பயிற்று மொழியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதத்துக்குள் எமிஸ் பதிவில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, பயிற்று மொழி எப்படி ஏறியிருக்கின்றன என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, தவறு இருந்தால் அப்போதே எழுத்தில் விண்ணப்பித்துத் திருத்திவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பப்பட்ட பிறகு அதே திருத்தத்துக்குச் சென்னைக்கு நடக்க வேண்டியிருக்கும்.